ராணுவக் கருவிக்குள்ள இறக்குமதி சிப்: பிழை எங்க?

உப்புவெளி: பிறத்தியாரின்ர சிப்பை நம்பி ராடர் செய்யிற நாடு தன்ர கழுத்துக்குத் தானே சுருக்குப் போடுது. அமெரிக்க செனட்டின்ர ஆயுத சேவைகள் குழு 2012 மே மாதம் விட்ட அறிக்கையில 2009, 2010 ரெண்டு வருசத்துக்கு மட்டும் போலி எண்டு சந்தேகப்பட்ட ஏறத்தாழ 1,800 சம்பவம், பத்து லட்சத்துக்கு மேல மின்னணு உதிரி. தடம் பிடிச்சதில நூற்றுக்கு 70க்கு மேல சீனாவில போய் நிண்டுது. அமெரிக்கக் கடற்படையின்ர பி-8ஏ கண்காணிப்பு விமானத்தின்ர பனி கண்டறியிற பெட்டிக்குள்ளயும் பாவிச்சுக் கழட்டின சிப். இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?

கொட்டியாரக்குடா: அண்ணை, அந்தச் சிப்பைச் செய்த ஆலையில பிழையில்லை. விமானம் 30 வருசம் பறக்கும், சிப்பைச் சில வருசத்திலயே நிப்பாட்டிப்போடுவினம். "இனிச் செய்யமாட்டம், கடைசியா வாங்குங்கோ" எண்டு கொம்பனி அறிவிக்கேக்க வாங்கி வைக்காட்டித் தரகரிட்டத்தான் போகவேணும். அவருக்குச் சரக்கு சீனாவின்ர சாந்தோ பக்கத்தால வருது. பழைய மின்சுற்றுப் பலகையை (போட்) நெருப்பில காட்டிச் சிப்பைக் கழட்டி, கழுவி, மேல்முகத்தை உரஞ்சி, கறுப்புப் பூசிப் புது இலக்கம் அடிப்பினம். 0–70 பாகை செல்சியசுக்குள்ள ஓடுற சாதாரணச் சிப்புக்கு மேல ராணுவத் தரம் −55–125 எண்டு அடிச்சால் மேசையில ஒழுங்கா ஓடும். குளிரிலயோ கொதிக்கிற பெட்டிக்குள்ளயோதான் காலை வாரும்.

உப்புவெளி: அப்ப சோதிச்சு எடுக்கலாம் எண்டுறியள்?

சல்லிக்கரை: ஓரளவுக்குத்தான். அசிற்றோன் தோய்ச்ச பஞ்சால தேய்க்கக் கறுப்பு ஒட்டினா மேல்பூச்சு. இப்பத்தப் பூச்சு அசிற்றோனுக்கு அசையாது, கத்தியால சுரண்டிப் பாக்கவேணும். சிப்பின்ர முதலாம் காலைக் காட்டுற சின்னக் குழி பாதி நிரம்பியிருக்கா, மேலும் கீழும் ஒரே சொரசொரப்பா எண்டு உருப்பெருக்கியால பாருங்கோ. எக்ஸ்ரேயில ஒரே லொட்டுக்குள்ள (ஒரே தொகுதிச் சரக்குக்குள்ள) ரெண்டு அளவு டை, அதாவது உள்ளுக்கிருக்கிற சிலிக்கன் துண்டு, தெரிஞ்சால் முழு லொட்டையும் ஒதுக்குங்கோ. அமிலம் விட்டு உடைச்சுப் பாக்கிறது உறுதி, ஆனால் அந்தச் சிப் போச்சு. அதால மாதிரிக்குச் சிலதைத்தான் உடைக்கலாம், மிச்சத்தை நம்பவேண்டியதுதான்.

இன்னொண்டு, திருமலைக் காத்தில அசல் சிப்பும் கெடும். சிப்பின்ர ஈர உணர்திறன் தரம் (MSL) 3 எண்டால் பை திறந்து 30 பாகை, 60 வீத ஈரத்தில 168 மணித்தியாலம்தான். இஞ்ச ஈரம் அதைவிடக் கூட, நேரம் இன்னும் குறையும். பிந்தினால் 125 பாகையில சூடாக்கி உலர்த்தவேணும், சிப் சுத்தி வாற பிளாஸ்ரிக் ரீலோட வைக்காதையுங்கோ, அது இளகும். உலர்த்தாமல் ஒட்டினா உள்ளீரம் ஆவியாகிச் சிப்பின்ர உடல் வெடிக்கும்.

உப்புவெளி: அதுக்குத்தான் சொந்த ஆலை வேணும் எண்டுறன்.

கொட்டியாரக்குடா: அமெரிக்காவே ராணுவத்துக்கான நம்பிக்கைச் சிப்புக்கு ஐபிஎம் ஆலையை வச்சிருந்தது. 2015இல அது குளோபல்ஃபவுண்ட்ரீஸ் எண்ட சிப் கொம்பனியிட்டப் போச்சு, அதுக்குப் பின்னால அபுதாபிப் பணம். எங்களால முடியிறது வேற. தரகர் தாற சான்றிதழில இருக்கிற லொட் இலக்கத்தையும் செய்த திகதிக் குறியீட்டையும் தயாரிப்பாளருக்கே அனுப்பிக் கேக்கலாம். உற்பத்தியை நிப்பாட்டின வருசத்துக்குப் பிந்தின திகதி அடிச்சிருந்தால் அங்கயே பிடிபடும்.

உப்புவெளி: தயாரிப்பாளர் பதில் போட மறுத்தால்?

கொட்டியாரக்குடா: அந்த லொட்டைத் தொடாதையுங்கோ. போட்டையே இப்ப கிடைக்கிற சிப்புக்கு மாத்தி வடிவமைக்கிறதுதான் வழி, செலவு கூடினாலும்.