ஒலியோசின் பால்மம் ஓரிரவில் திரைகிறது: உதவி வேண்டும்

ஆய்வு மாணவி, யாழ்ப்பாணம்:
வணக்கம். சூரியகாந்தி விதையில் எண்ணெய்த் துளிகளை மூடிநிற்கும் ஒலியோசின் புரதத்தில், எண்ணெய்க்குள் ஊன்றிநிற்கும் நடுப்பகுதியைச் சுருக்கி, ஈ.கோலை பற்றீரியாவில் உருவாக்கியிருக்கிறேன். நல்லெண்ணெயுடன் சேர்த்து அடித்தால் பசும்பால்போல வருகிறது. விடியும்போது மேலே தடித்த ஆடை நிற்கிறது. நடுப்பகுதியை அளவுக்கு மீறி வெட்டிவிட்டேனோ என்று அஞ்சுகிறேன். மரபணுவைத் திருத்தி அமைக்கலாமா?

பதில், கோண்டாவில்:
தங்கச்சி, மரபணுவில் கைவைக்க முன்னர் அந்த ஆடையில் ஒரு துளியை நுணுக்குக்காட்டியில் பாருங்கள். துளிகள் ஒன்றுக்குள் ஒன்று கலந்து பெருத்திருந்தால் புரதம் பரப்பை மூடவில்லை. சிறியனவாகவே முந்திரிகைக் குலைபோல ஒட்டியிருந்தால், புரதம் தன் வேலையைச் செய்கிறது, துளிகளுக்கிடையிலான விலக்கம்தான் போய்விட்டது. எந்தத் தண்ணீர் பாவித்தீர்கள்?

மாணவி:
குலைபோலத்தான் இருக்கின்றன, அண்ணா. பிஎச்சை மாறாமல் வைத்திருக்கும் தாங்கற் கரைசலின் பிஎச் 7.5. காய்ச்சி வடிக்கும் கருவி பழுதானதால், கடைசியில் வடிகட்டிய கிணற்று நீரால் ஐதாக்கினேன்.

பதில், கோண்டாவில்:
அப்படியானால் முதலில் சந்தேகிக்க வேண்டியது அந்த நீரைத்தான். நமது நிலத்தடி சுண்ணாம்புக்கல். கேத்தலின் அடியில் படியும் வெள்ளைப் படிவு அதன் சாட்சி. விதைக்குள் 0.5 முதல் 2 மைக்ரோமீற்றர் வரையான எண்ணெய்த் துளிகளைத் தனித்தனியே வைத்திருப்பது ஒலியோசின்தான். ஏறத்தாழ 70 அமினோ அமிலங்கள் கொண்ட அதன் நடுப்பகுதி கொண்டை ஊசிபோல எண்ணெய்க்குள் இறங்கி, புரோலின் என்ற அமினோ அமிலம் மூன்று உள்ள இடத்தில் திரும்புகிறது. புரதத்தின் இரு முனைகளும் கைகள்போல வெளிப்பரப்பில் படிந்திருக்கின்றன. நடுநிலை பிஎச்சில் துளிகள் மறை (எதிர்) மின்னேற்றம் பெற்று ஒன்றையொன்று தள்ளுகின்றன. கிணற்று நீரில் கரைந்துள்ள கல்சியம் அயன் அந்த ஏற்றத்தை மறைப்பதோடு, இரு துளிகளுக்கிடையே பாலமாகவும் நிற்கும். குலையாகியவை விரைவாக மேலெழும், ஏனெனில் விட்டம் இரட்டித்தால் எழும் வேகம் நான்கு மடங்காகும்.

கல்சியத்தைப் பற்றிக்கொள்ளும் ஈடிடிஏ என்ற சேர்வையைச் சிறிது சேர்த்து மெதுவாகக் கலக்கிப் பாருங்கள். அதன் பிஎச்சை முன்கூட்டியே சரிசெய்ய மறக்க வேண்டாம். அமிலம் கூடினால் ஏற்றம் சுழியமாகி, கல்சியம் இல்லாமலே துளிகள் திரண்டு, உங்களை வழிதவறச் செய்யும்.

மாணவி:
குலைகள் கலைந்துவிட்டன! ஒவ்வொரு துளியும் தனியே அசைவதைக் கண்ணாலே கண்டேன். மிக்க நன்றி, அண்ணா. ஆயினும் கிணற்று நீரிலும் நிலைக்கும் புரதமே எனக்கு வேண்டும்.

பதில், கோண்டாவில்:
அதற்கும் நடுப்பகுதியைத் தொட வேண்டாம். வெளிக்கைகளில் ஒன்றை நீரை விரும்பும் அமினோ அமிலங்களால் நீட்டிப் பாருங்கள். ஏற்றத்தைக் கல்சியம் மறைத்தாலும், இடத்தை அடைத்து நிற்கும் கை துளிகளை நெருங்க விடாது.