ரத்தச் சோதினையில டீ-டைமர் (ரத்தக்கட்டி இருக்கோ எண்டு பாக்கிறது) கூடினதெண்டு சொல்லப்பட்ட ஆக்கள் இஞ்ச எழுதுங்கோ

குளத்தடி:
2021 ஆவணி, டெல்டா நேரம். அப்பாவைக் கொரோனா வாட்டால மற்ற வாட்டுக்கு மாத்தினாப் பிறகு. சீஆர்பீ, அதுதான் அழற்சியைக் காட்டிற ரத்தச் சோதினை, நல்லா இறங்கிட்டுது, வீட்டை கூட்டிக்கொண்டு போற யோசினையில நிண்டம். டீ-டைமர் மட்டும் ஏறிக்கொண்டு போகுது. டொக்டர் றிப்போட்டைப் பாத்தார். நெஞ்சில குழாய் வைச்சுக் கேக்கேல்லை. சாரத்தை முழங்காலுக்கு மேல இழுத்துவிட்டு ரண்டு கெண்டைக்காலையும் அமத்தினார். இடக்கால் தடிச்சு, சூடாக் கிடந்தது.
"நோகுதோ ஐயா?"
"அது வயல் நோவு தம்பி."
ஸ்கான் பண்ணினா உள்ளுக்கு ரத்தக்கட்டி. வயித்தில ஊசி போட்டுத்தான் தப்பினவர். பக்கத்துக் கட்டில் ஐயாவும் கால் நோகுதெண்டு சொல்லிக்கொண்டிருந்தவர். அவருக்கு முதல் நாளே வீட்டை போகத் துண்டு வெட்டியாச்சு. அந்த முகம் இன்னும் போகேல்லை எனக்கு.

மல்லாவி மருமகள்:
எனக்கு ஏழாம் மாசம், கொரோனாவும். டீ-டைமர் 1.8. மாமி கண்டதும் வற்றாப்பளை அம்மாளுக்கு நேத்தி வைச்சா. கிளினிக் டொக்டர் சொன்னா, பிள்ளைத்தாச்சியளுக்கு வருத்தம் இல்லாட்டியும் இது கூடுமெண்டு. ஆனா வயித்தில பிள்ளையோட கொரோனாவும் எண்டபடியா கட்டி வராமலிருக்க ஊசி தந்தவை. மாமி என்ர கையை விடாமல் பிடிச்சுக்கொண்டு நிண்டா.

ஏ9 ஓரம்:
குளத்தடி, சனத்தைப் பயப்பிடுத்தாதேங்கோ. உறைஞ்ச ரத்தத்தை உடம்பு கரைக்கேக்க மிஞ்சிற துண்டுதான் டீ-டைமர். வயசு போனாலும் கூடும், ஒப்பரேசன் செய்தாலும் கூடும், காயம் பட்டாலும் கூடும். எங்கட பெரியப்பா ரண்டு லாப்பில குடுத்தார். ஒண்டில 1.2, மற்றதில 0.6. ரண்டு தாளையும் திண்ணையில விரிச்சு வைச்சுக்கொண்டு சோத்தைத் தொடாமல் இருந்தார் மனிசன். அளக்கிற அலகு ஒண்டில எஃப்ஈயூ, மற்றதில டீடீயூ எண்டு சின்ன எழுத்தில கிடந்தது. எஃப்ஈயூ கணக்கு மற்றதைவிட ஏறக்குறைய ரண்டு மடங்கு காட்டும், அவ்வளவுதான். வழமையா எல்லையெண்டு சொல்லுற 0.5 எஃப்ஈயூ கணக்கு.

வரம்பு:
அண்ணைக்கு டீ-டைமர் கூடவெண்டு ஆரோ சொல்லி அஸ்பிரின் விழுங்கினவர். மாரிக் காய்ச்சல், பிறகு பாத்தா டெங்கு. முரசால ரத்தம் வந்து சட்டையில ஊத்தினது.
உறவுகளே, தயவுசெய்து கேளுங்கோ. கார்த்திகை மழையோட வாற காய்ச்சல் டெங்குவோ, எலிக்காய்ச்சலோ, கொரோனாவோ எண்டு வீட்டில இருந்து சொல்லேலாது. டெங்குவில பிளேட்லெட் இறங்கும், அதுக்குள்ள அஸ்பிரினும் புரூபனும் ரத்தக் கசிவைக் கூட்டும். பனடோல் மட்டும், அதுவும் அளவோட. பழைய றிப்போட் எல்லாத்தையும் கொண்டு போங்கோ, டொக்டர் ஏறுதோ இறங்குதோ எண்டுதான் பாப்பார். சீஆர்பீ ஈரல் செய்யிற சாமான், அழற்சி எங்க இருந்தாலும் ஏறும், கட்டியைப் பற்றி அது ஒண்டும் சொல்லாது. விரல்ல மாட்டி ஒக்சிசன் அளக்கிற மெசின் ஊருக்கு ஒண்டெண்டாலும் வாங்கி வையுங்கோ. கொரோனாவில மூச்சு வாங்காமலே ஒக்சிசன் இறங்கின ஆக்கள் எத்தினை பேர்!

குளத்தடி:
ஏ9 அண்ணை, நான் பயப்பிடுத்தேல்லை. நம்பரைக் கண்டிட்டுக் காலைத் தொட்டுப் பாத்த டொக்டரைத்தான் சொன்னனான். உங்கட பெரியப்பாவின்ர காலை ஆரும் பாத்தவையோ?