பாலாமை கேமராவில் விழவே மாட்டேன் என்கிறது, வழி சொல்லுங்கள்

வணக்கம். முதுகலை இரண்டாம் ஆண்டு மாணவி, ஊர் தஞ்சாவூர், இப்போது பெங்களூரு. ஜக்கூர் பக்கம் ஓர் ஏரியில் பாலாமைகள் எப்போது கரையேறி வெயில் காய்கின்றன என்று பதிவு செய்கிறேன். (எந்த ஏரி என்று பொதுவில் சொல்ல மாட்டேன். பிடித்து விற்பவர்களும் படிப்பார்கள்.) வனவிலங்குச் சட்டம் 1972-இன் முதல் அட்டவணையில் உள்ள இனம், அதனால் வலை, பொறி கிடையாது. கேமரா ட்ராப் (எதிரே விலங்கு வந்தால் சென்சார் மூலம் தானாகப் படம் எடுக்கும் கேமரா) மட்டும்தான்.

ஆறு வாரமாக வைத்திருக்கிறேன். நாய், கொக்கு, துணி துவைக்க வந்த அக்கா எல்லோரும் படத்தில் இருக்கிறார்கள். ஆமை இல்லை. போன சனிக்கிழமை பைனாகுலரோடு உட்கார்ந்து பார்த்தேன்: பன்றி மூக்கு மாதிரி ஒரு நுனி முதலில் நீருக்கு மேலே, அப்புறம் மெதுவாகக் கரை. கேமராவுக்கு நேர் எதிரே இருபது நிமிடம் கிடந்தது. ஒரு படம்கூட எடுக்கவில்லை!

காரணம் புரிகிறது. சென்சார் உடல் வெப்ப வித்தியாசத்தைத்தான் பிடிக்கும், ஆமை உடம்போ சுற்றுப்புறச் சூட்டிலேயே இருக்கும். சென்சிட்டிவிட்டியைக் கூட்டினேன், மூன்று மீட்டரிலிருந்து ஒன்றரைக்கு நகர்த்தினேன், பயனில்லை. நிமிடத்துக்கு ஒரு படம் என்று டைம்லாப்ஸ் வைத்தால் ஆமை விழுகிறது, ஆனால் எட்டு ஏஏ பேட்டரியும் நான்கே நாளில் காலி. ரீசார்ஜ் பேட்டரி அதைவிட மோசம். வெளியே 12 வோல்ட் பேட்டரி வைத்தேன், மூன்றாம் நாள் திருடு போய்விட்டது.

ஈரமான, ஆள் நடமாட்டமுள்ள ஏரிக்கரையில் டைம்லாப்ஸ் பத்து நாளாவது ஓட, படத்துக்குப் படம் எவ்வளவு இடைவெளி, என்ன பேட்டரி வைத்தீர்கள்?