கத்தி விற்ற காசு

கேம் பொருள்களை விற்பது, வாங்குவது பற்றி மூன்று ஊர்க்காரர்கள் சொன்னவை.

திருப்பூர்:
2025 தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னால், கவுண்டர் ஸ்ட்ரைக் என்ற துப்பாக்கிச் சண்டை கம்ப்யூட்டர் கேமில் நான் வைத்திருந்த நாவஜா கத்தியை விற்றேன். திரையில் மட்டுமே இருக்கிற பொருள் அது. பேசிய விலை 14,000 ரூபாய். அந்த கேம் ஓடுகிற ஸ்டீம் தளத்தின் மார்க்கெட்டிலேயே போட்டிருக்கலாமே என்று கேட்பீர்கள். அங்கே 15 சதவீதம் பிடித்துக்கொள்வார்கள். மீதியும் ஸ்டீம் வாலட்டில்தான் விழும், பேங்குக்கு வராது. எனக்கோ அப்பாவின் மொபெட்டுக்கு இன்ஜின் வேலை பார்க்க ரொக்கம் வேண்டியிருந்தது.

வாங்க வந்தவர் பெருந்துறைப் பக்கம் படிக்கிற ஒரு தம்பி. அவிநாசியில் ஒரு பேக்கரியில் உட்கார்ந்தோம். டீ வருவதற்குள்ளேயே கேட்டுவிட்டார்: "ஏனுங்ணா, இப்பெல்லாம் ட்ரேடை ஏழு நாளைக்குள்ள திருப்பி எடுத்துக்கலாமுங்களே. காசையும் வாங்கிட்டு கத்தியையும் எடுத்துக்கிட்டீங்கன்னா நான் என்னங்ணா பண்றது?"

நியாயமான கேள்வி. கேம் பொருளை ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்கு மாற்றுவதுதான் ட்ரேட். அக்கவுண்டைத் திருடிப் பொருளைக் கிளப்பிக்கொண்டு போகிறவர்களைத் தடுக்க 2025 ஜூலையில் ஸ்டீமை நடத்தும் வால்வ் கம்பெனி கொண்டுவந்த ஏற்பாடு, அந்த ஏழு நாள் வசதி. திருப்பி எடுத்தால் அந்த ஏழு நாளில் நடந்த எல்லா ட்ரேடும் சேர்ந்தே திரும்பும். 30 நாளைக்கு வேறு ட்ரேடும் செய்ய முடியாது. இருந்தாலும் முழுக் காசையும் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறவருக்கு அடிவயிறு கலங்கத்தானே செய்யும்? பாதி அன்றைக்கு, பாதி எட்டாம் நாள் என்று முடிவு செய்தோம். அதே பெயர், அதே படம் வைத்துப் போலிப் புரொஃபைல்கள் திரிவதால் அவருடைய ஸ்டீம் லெவலையும் சேர்ந்த தேதியையும் அவர் ஃபோனிலேயே பார்த்துச் சரிபார்த்தேன். அப்புறம்தான் ட்ரேடை உறுதி செய்தேன்.

தீபாவளி முடிந்த கையோடு கேமில் ஒரு அப்டேட் வந்தது. கோவர்ட் என்ற உயர்ந்த ரக ஸ்கின்கள், அதாவது துப்பாக்கிக்கான அலங்காரத் தோற்றங்கள், ஐந்தைக் கொடுத்தால் கத்தியோ கையுறையோ வாங்கிக்கொள்ளலாம் என்று ஆக்கிவிட்டார்கள். கத்தி விலையெல்லாம் மளமளவென்று சரிந்தது. தம்பி வாங்கிய கத்தியும் பாதி விலைக்குப் பக்கத்தில் வந்து நின்றது. மீதி 7,000 இன்னும் அவர் கையில்தான் இருந்தது. அவர் ஃபோனை எடுக்காமல் இருந்திருந்தால் நான் எங்கே போய்க் கேட்பது?

எட்டாம் நாள் அவரே கூப்பிட்டார். "கருங்கல்பாளையம் மாட்டுச் சந்தையில துண்டுக்குள்ள விரலைப் புடிச்சுப் பேசுன மாதிரிதானுங்ணா. பேசுனது பேசுனதுதான்" என்று சொல்லிவிட்டு முழுசாக அனுப்பினார். எனக்கு மனசு கேட்கவில்லை. என்னிடமிருந்த ஒரு ஏகே துப்பாக்கி ஸ்கின்னைச் சும்மாவே அனுப்பிவைத்தேன். இந்த வியாபாரம் என்றாலே ஏமாற்று என்று பேசுகிறவர்களுக்கு இந்தத் தம்பியைப் பற்றித்தான் சொல்கிறேன்.

பவானி:
பிஜிஎம்ஐ என்ற மொபைல் துப்பாக்கி கேமின் ஐடியை, அதாவது ஒருவர் ஆடி வைத்திருக்கிற கணக்கை, வாங்குகிறவர்கள் கவனியுங்கள். பக்கத்து வீட்டுப் பையன் கிளேசியர் எம்416 என்ற துப்பாக்கி ஸ்கின் இருக்கிற ஐடி ஒன்றை 6,000 கொடுத்து வாங்கினான். ஒரு வாரம் ஆடினான். விற்றவன் பழைய மெயிலை வைத்து ஐடியைத் திரும்பப் பிடித்துக்கொண்டான். ஐடி விற்பதே விதிப்படி கூடாது என்பதால் கேம் கம்பெனியிடமும் முறையிட வழியில்லை. திருப்பூர்க்காரர் விற்ற கத்தியாவது ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்குப் போய்விடுகிறது. ஐடி போகிறதே தவிர, அதன் வேர் விற்றவனிடமே இருக்கிறது.

பல்லடம்:
பொருள் போவதைவிடப் பெரிய தலைவலி ஒன்று உண்டு. நான் கவுண்டர் ஸ்ட்ரைக் கையுறை விற்ற காசு சொன்ன நேரத்துக்குச் சரியாக வந்தது. கொஞ்ச நாள் கழித்து, தறிக்காரர்களுக்கு வாரக்கூலி போடும் சனிக்கிழமை, கணக்கிலிருந்து ஒரு ரூபாய் நகரவில்லை. பேங்கில் கேட்டால் "லியன் போட்டிருக்குங்க, வேற மாநிலத்து சைபர் போலீஸ்" என்றார்கள். கணக்கிலிருக்கிற பணத்தை எடுக்க விடாமல் நிறுத்திவைப்பதுதான் லியன். யாரோ ஒருவரிடம் ஏமாற்றிப் பறித்த பணத்தை வைத்துத்தான் என்னிடம் கையுறை வாங்கியிருக்கிறான். பறிகொடுத்தவர் 1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணில் புகார் சொன்னதும், பணம் போன பாதையில் இருக்கிற கணக்குகளையெல்லாம் நிறுத்துகிறார்கள். அதில் என் கணக்கும் மாட்டிக்கொண்டது.

அவர் செய்தது சரிதான், அவர் பணம் அது. ஆனால் கையுறை என்றால் என்ன, அதற்கு யார் ஏன் காசு கொடுக்கிறார்கள் என்று பேங்க் மேனேஜருக்கும், அப்புறம் ஃபோனில் அந்த ஊர் போலீஸுக்கும் புரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. பேசிய சாட், ட்ரேட் ஹிஸ்டரி, பணம் வந்த ரசீது மூன்றையும் பிரிண்ட் எடுத்துக் கொடுத்த பிறகுதான் வழி பிறந்தது. அதுவரை கூலிக்கு அப்பா கைமாற்று வாங்கினார்.

இப்போதெல்லாம் வாங்குகிறவரிடம் முதலில் ஒரு ரூபாய் அனுப்பச் சொல்கிறேன். அதில் வருகிற பெயர் அவருடையது இல்லையென்றால், "ஃப்ரெண்டு அக்கவுண்டுங்க" என்று என்ன சொன்னாலும் ட்ரேட் அனுப்புவதில்லை. இதற்கென்று தனியாக ஒரு சேமிப்புக் கணக்கும் திறந்துவிட்டேன். தறிக் கணக்குக்கு இந்தக் காசு வருவதே இல்லை.