எபிஜெனெடிக்ஸ் லேபில் ஆய்வு இடம் தேடுபவர்களுக்கு: கடிதம் எழுதுமுன் செய்ய வேண்டிய வேலை

கயல்விழி:
எபிஜெனெடிக்ஸ் (டிஎன்ஏ எழுத்து மாறாமல் ஜீன்களின் செயல்பாடு மாறுவதை ஆராயும் துறை) லேபில் கணினிப் பக்கம் இடம் கேட்டு எழுதும் மாணவர்கள் பெரும்பாலும் "பைத்தான் தெரியும், ஆர் தெரியும், ஆர்வம் இருக்கிறது" என்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். அதைப் படித்து எந்த நெறியாளராலும் ஒன்றும் தீர்மானிக்க முடியாது. ஒரே ஒரு பொதுத் தரவை எடுத்து, தொடக்கத்திலிருந்து கடைசிவரை அலசி, நிரலைக் கிட்ஹப்பில் வைத்துவிட்டு எழுதுங்கள். ஜியோ என்ற பொதுத் தரவுத் தளத்தில் 450கே அரேயில் (டிஎன்ஏவின் லட்சக்கணக்கான இடங்களை அளக்கும் சிப்) எடுத்த ரத்த மெத்திலேஷன் (டிஎன்ஏவில் மெத்தில் குழு ஒட்டுவது) தரவு நிறையக் கிடைக்கும். ஐடாட் கோப்புகள் (கருவி தரும் மூலத் தரவு) உள்ளதாகப் பார்த்து எடுக்க வேண்டும். நார்மலைஸ் செய்த (ஏற்கெனவே சீராக்கிய) அட்டவணை மட்டும் இருந்தால் தரத்தைச் சரிபார்க்க வழியில்லை.

மின்ஃபியில் (ஆர் மொழித் தொகுப்பு) ஏற்றியதும் முதல் வேலை, எக்ஸ், ஒய் குரோமோசோம் சிக்னலை வைத்து ஒவ்வொரு மாதிரியும் ஆணா பெண்ணா என்று கணித்துப் பதிவோடு ஒப்பிடுவது. பொருந்தாவிட்டால் எங்கோ மாதிரி மாறியிருக்கிறது, அல்லது பதிவில் பிழை. டிடெக்‌ஷன் பி மதிப்பு (சிக்னல் வெறும் இரைச்சலா என்பதைக் காட்டும் எண்) 0.01-ஐத் தாண்டியவை, எஸ்என்பி (ஆளுக்கு ஆள் மாறும் டிஎன்ஏ எழுத்து) மேல் விழுபவை, ஜீனோமில் பல இடங்களில் ஒட்டுபவை ஆகிய புரோப்களைக் (அரேயில் ஒவ்வோர் இடத்தையும் அளக்கும் துண்டுகள்) கழித்துவிடுங்கள். அடுத்தது செல் கலவை. ரத்தத்தில் பல வகைச் செல்கள் கலந்திருக்கின்றன; நோயில் நியூட்ரோஃபில் என்ற வெள்ளணு கூடினாலே ஏராளமான இடங்களில் மெத்திலேஷன் மாறியதுபோல் தெரியும். 2012-இல் ஹவுஸ்மன் குழு வெளியிட்ட முறையில் செல் விகிதங்களைக் கணித்து மாடலில் சேர்க்காவிட்டால், விவரம் தெரிந்தவர் கேட்கும் முதல் கேள்வியிலேயே முடிவு ஆட்டம் காணும். கணக்குக்கு எம் மதிப்பு (மெத்தில் ஆனதற்கும் ஆகாததற்கும் உள்ள விகிதத்தின் லாக்), படம் போடவும் விளக்கவும் பீட்டா மதிப்பு (0 முதல் 1 வரையிலான மெத்திலேஷன் அளவு).

மாட்டிக்கொள்ளும் இடம் பேட்ச், அதாவது மாதிரிகளைத் தொகுதி தொகுதியாக அளப்பதால் வரும் வேறுபாடு. 450கே ஸ்லைடு ஒன்றில் 12 மாதிரிகள்தான். நோயாளிகள் எல்லாம் சில ஸ்லைடுகளிலும் மற்றவர்கள் வேறு ஸ்லைடுகளிலும் இருந்தால் நோயின் விளைவையும் ஸ்லைடின் விளைவையும் பிரிக்கவே முடியாது. காம்பேட் (பேட்ச் விளைவை நீக்கும் முறை) போட்டாலும் பிரியாது. சமனற்ற வடிவமைப்பில் அது இல்லாத வேறுபாட்டையும் உண்டாக்கிக் காட்டும். ஐடாட் கோப்புப் பெயரிலேயே ஸ்லைடு எண்ணும் அதில் எந்த இடம் என்பதும் இருக்கும். அதைப் பிரித்தெடுத்து நோய் நிலையோடு ஓர் அட்டவணை போட்டுப் பார்த்த பிறகே தரவைத் தேர்ந்தெடுங்கள். பத்து நிமிட வேலை, ஒரு செமஸ்டரைக் காப்பாற்றும்.

செந்தில்நாதன்:
கயல்விழி சொன்னது அரே பக்கம். அரே பார்ப்பது கொஞ்சம்தான்: மனித ஜீனோமில் சுமார் 2.8 கோடி சிபிஜி இடங்கள் (சி-யை அடுத்து ஜி வரும், மெத்திலேஷன் பெரும்பாலும் நடக்கும் இடங்கள்), 450கே தொடுவது அதில் 2 சதவீதத்துக்கும் குறைவு. சீக்வென்சிங் (டிஎன்ஏ எழுத்துகளை நேரடியாகப் படிக்கும்) லேபில் சேர விரும்பினால் பைசல்ஃபைட் தரவையும் ஒரு முறை கையாண்டு பாருங்கள்.

மெத்தில் இல்லாத சி, பைசல்ஃபைட் என்ற வேதிப்பொருளால் யு ஆகி, ரீடில் (சீக்வென்சர் படித்த துண்டில்) டி என்று வரும். வேதிவினை முழுமையாக நடக்காவிட்டால் மாறாத சி எல்லாம் மெத்திலேஷனாக எண்ணப்படும். அதனால்தான் மெத்தில் இல்லாத லாம்ப்டா வைரஸ் டிஎன்ஏவைக் கலந்து அனுப்புகிறார்கள். அதில் மாற்றம் 99 சதவீதத்துக்குக் குறைந்தால் சந்தேகப்படுங்கள். ஆர்ஆர்பிஎஸ் (வெட்டு நொதியால் ஜீனோமின் ஒரு பகுதியை மட்டும் எடுக்கும் பைசல்ஃபைட் முறை) தரவில் இரண்டு தப்பு அடிக்கடி நடக்கிறது. எம்எஸ்பி-1 நொதி வெட்டிய முனையைச் சரிசெய்யும்போது சேரும் செயற்கை சி-யை நீக்க ட்ரிம் கலோர் மென்பொருளில் ஆர்ஆர்பிஎஸ் ஆப்ஷனைப் போட மறந்துவிடுவது ஒன்று. டூப்ளிகேட் (ஒரே இடத்தில் தொடங்குவதால் நகல் என்று எண்ணப்படும் ரீட்கள்) நீக்குவது மற்றொன்று. வெட்டும் இடம் ஒன்றே என்பதால் நிஜமான ரீட்களும் ஒரே இடத்தில்தான் தொடங்கும். நீக்கினால் நல்ல தரவே போய்விடும். முழு ஜீனோம் பைசல்ஃபைட்டில் மட்டும் நீக்குங்கள்.

சத்தமே போடாத பிழை ஒன்று உண்டு. 450கே அனோட்டேஷன் (ஒவ்வொரு புரோபும் ஜீனோமில் எங்கே என்ற பட்டியல்) மனித ஜீனோமின் பழைய பதிப்பான எச்ஜி19-இல் இருக்கும், புதிய சிப்-செக் பீக் கோப்புகள் (புரதங்கள் டிஎன்ஏவில் ஒட்டும் இடங்கள்) புதிய பதிப்பான எச்ஜி38-இல் இருக்கும். அப்படியே ஓவர்லாப் பார்த்தால் எந்த எரரும் வராது, எண்கள் வரும், எல்லாம் தவறு. லிஃப்ட்ஓவர் (இட எண்களை ஒரு பதிப்பிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றுவது) செய்துவிட்டு, தெரிந்த ஒரு ஜீனின் புரோமோட்டரை (ஜீனின் தொடக்கப் பகுதி) ஐஜிவி என்ற ஜீனோம் பார்வை மென்பொருளில் திறந்து கண்ணால் பாருங்கள்.

நூருன்னிசா:
லேபைத் தேர்ந்தெடுப்பது பற்றி நான் சொல்கிறேன். நேர்காணலில் மாணவரும் கேள்வி கேட்கலாம், கேட்கத்தான் வேண்டும். முதல் கேள்வி: தரவு ஏற்கெனவே கையில் இருக்கிறதா, இனிமேல்தான் வரப்போகிறதா? மாதிரி சேகரிப்பு தள்ளிப்போனால் கணினிப் பக்க மாணவரின் ஆய்வேடும் தள்ளிப்போகும். அடுத்து, டிபிகேப் (அமெரிக்க அரசின் ஜீனோம் தரவுக் களஞ்சியம்) போன்ற கட்டுப்பாட்டில் உள்ள தரவென்றால் அனுமதி யார் பெயரில் இருக்கிறது? மாணவர் தன் பெயரில் விண்ணப்பிக்க முடியாது. நெறியாளர் விண்ணப்பித்து, நிறுவனத்தின் சார்பில் கையெழுத்திடும் அதிகாரியும் ஒப்புதல் தர வேண்டும். ரொட்டேஷன் (லேபில் சில காலம் வேலை செய்து பார்ப்பது) தொடங்கிய பிறகு இதற்கு ஓடினால் ரொட்டேஷன் முடிந்துவிடும். குறுகிய கால வேலைக்கு என்கோட் போன்ற திறந்த தரவே ஏற்றது.

சேமிப்பிடமும் கேளுங்கள். முழு ஜீனோம் பைசல்ஃபைட் மாதிரி ஒன்றின் ஃபாஸ்ட்க்யூ (மூல ரீட்கள்), பாம் (ஜீனோமில் பொருத்திய ரீட்கள்) கோப்புகளே நூற்றுக்கணக்கான ஜிபி பிடிக்கும். லேபில் பரிசோதனை செய்பவர்களோடு வாரம் ஒரு முறையாவது உட்கார முடியுமா என்பது எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியம். ஏடாக்-செக்கில் (டிஎன்ஏவில் திறந்திருக்கும் பகுதிகளைக் காணும் முறை) மைட்டோகாண்ட்ரியா ரீட்கள் பாதிக்கு மேல் வந்தால் எந்த ஸ்கிரிப்டும் அதைச் சரிசெய்யாது. நியூக்ளியஸ் பிரிக்கும் படியை மாற்ற வேண்டும், அதைச் செய்யப்போவது அவர்கள்தான்.

கயல்விழி:
நூருன்னிசா, நல்ல கேள்விகள். கடிதத்தைப் பற்றி ஒன்றைச் சேர்க்கிறேன். லேபின் சமீபத்திய கட்டுரையில் ஒரு படத்தைக் குறிப்பிட்டு, அவர்கள் வெளியிட்ட தரவிலிருந்தே அதை மறுபடி வரைந்து பார்த்ததையும், எங்கே பொருந்தியது, எங்கே பொருந்தவில்லை என்பதையும் நான்கு வரியில் எழுதுங்கள். பொருந்தாத இடத்தைக் குற்றமாக எழுத வேண்டாம். பெரும்பாலும் மென்பொருள் பதிப்பு வேறாக இருக்கும், அல்லது வடிகட்டிய அளவுகோல் மெத்தட்ஸ் பகுதியில் விட்டுப்போயிருக்கும். "எந்த அளவுகோலைப் பயன்படுத்தினீர்கள்?" என்று கேட்டாலே போதும், அதற்குப் பதில் எழுத வேண்டுமென்று எதிரில் இருப்பவருக்கே தோன்றும்.