வயலினை எடுக்க மனம் வரவில்லை: மூன்று ஆண்டுகள் பழகிய பின்னர் விட்டுவிடலாமா?

கேள்வி: புதுக்குடியிருப்பு மாணவி

அனைவருக்கும் வணக்கம். நான் புதுக்குடியிருப்பில் வசிப்பவள், வயது 31, அரச அலுவலகமொன்றில் வேலை. பத்தாம் தரத்தில் சங்கீதத்தை ஒரு பாடமாக எடுத்துப் படித்துக்கொண்டிருந்தபோது, 2008 இன் பிற்பகுதியில் இடம்பெயரத் தொடங்கினோம். அதன் பிறகு நெடுங்காலம் பாட்டும் இல்லை, அதைப் பற்றிய நினைப்பும் இல்லை. மூன்று ஆண்டுகளுக்கு முன்னர் சம்பளத்தில் மிச்சம் பிடித்து ஒரு வயலின் வாங்கி, கிளிநொச்சியில் ஓர் ஆசிரியரிடம் ஞாயிற்றுக்கிழமைகளில் பழகத் தொடங்கினேன். காலைப் பேருந்தில் வயலின் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பரந்தன் வழியாகப் போய், வெயில் ஏறிய பின்னர் வீடு திரும்புவேன். முதல் இரண்டு ஆண்டுகளும் அந்த அலைச்சல்கூட எனக்குத் திருவிழாவுக்குப் போய் வருவதைப் போலத்தான் இருந்தது. சரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம், கீதம் என்று ஒவ்வொன்றாக முடித்து, வட இலங்கை சங்கீத சபையின் மூன்றாம் தரப் பரீட்சையிலும் சித்தியடைந்தேன்.

இப்போது மோகன இராகத்தில் அமைந்த வர்ணம் என்ற பயிற்சி உருப்படியில் நிற்கிறேன். நிற்கிறேன் என்ற சொல்லைத் தெரிந்தேதான் எழுதுகிறேன். முதற்காலத்தில், அதாவது மெதுவான வேகத்தில், ஒருவாறு வாசித்துவிடுவேன். அதன் இரட்டிப்பு வேகமான இரண்டாம் காலத்தில், காந்தாரத்திலிருந்து (க) பஞ்சமத்துக்கு (ப) தாவும் ஒவ்வொரு தடவையும் வில் பக்கத்துக் கம்பியையும் சேர்த்து உரசி, எண்ணெய் காணாத கதவு திறப்பதைப் போல ஒரு சத்தம் எழுகிறது. அம்மா ஒன்றும் சொல்வதில்லை. ஆனால் நான் வில்லுக்கு றோசின் என்ற பிசின் கட்டியைத் தேய்க்கத் தொடங்கினால், அவருக்குக் கிணற்றடியில் ஏதோ ஒரு வேலை நினைவுக்கு வந்துவிடுகிறது.

கடந்த ஐந்து மாதங்களாகப் பெட்டியைத் திறக்கவே மனம் வருவதில்லை. வகுப்புக்கு முதல் நாள் சனிக்கிழமை இரவு மட்டும், வீட்டுப்பாடம் செய்யாத பிள்ளையைப் போல அவசரமாக அரை மணி நேரம் வாசிக்கிறேன். நாளுக்கு ஒரு மணி நேரம் கட்டாயம் வாசிக்கும்படி பலர் சொன்னதால், இரண்டு வாரங்கள் அப்படியும் செய்து பார்த்தேன், வெறுப்புத்தான் கூடியது. எனக்குத் திறமை இல்லை என்பதை ஒப்புக்கொண்டு விட்டுவிடுவது நல்லதா, இல்லாவிட்டால் இதற்கு வேறு வழி இருக்கிறதா? அனுபவமுள்ளவர்கள் சொல்லவேண்டும்.

பதில் 1: வயலின் ஆசிரியை, வவுனியா

அன்புள்ள தங்கைக்கு,

திறமையைப் பற்றிப் பேசுவதற்கு முன்னர் வாத்தியத்தைப் பற்றிப் பேசுவோம். நீங்கள் எழுதியதை வாசித்தபோது எனக்கு முதலில் சந்தேகம் வந்தது உங்கள் வயலினின் குதிரையில், அதாவது கம்பிகளைத் தாங்கி நிற்கும் சிறு மரத்துண்டில்தான். தொடக்கநிலை மாணவர்கள் வாங்கும் மலிவான வயலின்களில் குதிரையின் மேல் விளிம்பு வேண்டிய அளவுக்கு வளைவாகச் செதுக்கப்படாமல் தட்டையாகவே இருப்பது வழக்கம். அப்படியிருந்தால் நான்கு கம்பிகளும் ஏறத்தாழ ஒரே மட்டத்தில் கிடக்கும், எவ்வளவு கவனமாக வில் போட்டாலும் பக்கத்துக் கம்பியில் அது பட்டே தீரும். கண்ணுக்கு நேரே வயலினைப் பிடித்து, குதிரையின் விளிம்பை ஒரு தடவை பாருங்கள். நன்றாகத் தட்டையாக இருக்குமானால், வயலின் திருத்தத் தெரிந்த ஒருவரிடம் கொடுத்துச் செதுக்குவிக்கவேண்டும். இதற்காக யாழ்ப்பாணத்துக்குப் போகவேண்டி வந்தாலும் அந்த அலைச்சல் வீண்போகாது.

நமது பக்கத்துக் காலநிலையும் இதில் கூட்டுக் குற்றவாளி. கச்சான் காற்று வீசும் மாதங்களில் மரம் உலர்ந்து, கம்பிகளை முறுக்கும் முறுக்காணிகள் நழுவும். மாரியில் அவையே ஊறி இறுகிக்கொள்ளும். வாசித்து முடித்ததும் வில்லைத் தளர்த்தாமல் பெட்டியில் வைத்தால், காலப்போக்கில் அதன் தடி வளைந்துவிடும். பத்து நிமிடம் சுருதி சேர்த்தும் சேராத வாத்தியத்தோடு ஒருவர் ஐந்து மாதம் மல்லுக்கட்டினால் அவருக்கு வெறுப்பு வராமல் எதுதான் வரும்?

அடுத்ததாக, மோகனத்தில் ஏன் தடுமாறுகிறீர்கள் என்பதற்கு ஒரு காரணம் உண்டு. அதை ஆசிரியர்கள் பெரும்பாலும் வாய்திறந்து சொல்வதில்லை. புரந்தரதாசர் வகுத்த வழியில் நாம் எல்லோரும் மாயாமாளவகௌளையில் தொடங்குகிறோம். நம் வயலினின் நான்கு கம்பிகளும் ச-ப-ச-ப என்று சுருதி கூட்டப்படுவதால், அந்த இராகத்தில் சட்ஜக் கம்பியில் ரி, க, ம ஆகியவற்றுக்கு விரல்கள் எந்த இடைவெளியில் விழுகின்றனவோ, பஞ்சமக் கம்பியில் த, நி, மேல் ச ஆகியவற்றுக்கும் அதே இடைவெளியில்தான் விழும். இரண்டு ஆண்டுகளாக உங்கள் கை அந்தச் சௌகரியத்துக்குப் பழகியிருக்கிறது. மோகனத்தில் மத்திமமும் நிஷாதமும் இல்லை. விரல்கள் சேர்ந்து நின்ற இடத்தில் இப்போது பள்ளம் விழுந்திருக்கிறது, காந்தாரத்தை விட்டதும் கம்பி மாறவும் வேண்டும். கை குழம்புவது இயல்பானது. வர்ணத்தைச் சில வாரங்கள் மூடி வைத்துவிட்டு, மோகனத்தின் ஐந்து சுரங்களில் ஜண்டை வரிசையை மட்டும் முதற்காலத்தில் வாசியுங்கள். க-ப, ப-க என்ற தாவலை, இடக்கையை எடுத்துவிட்டு வெறும் கம்பிகளில் வில்லை மட்டும் மாற்றி மாற்றிப் போட்டும் பழகலாம். சத்தம் வருவது வில் சாயும் கோணத்தால்தானே, விரலால் அன்று.

காதின் கதை வேறு. மூன்று ஆண்டுகளில் உங்கள் கேள்வி ஞானம் உங்கள் விரல்களைவிட வேகமாக வளர்ந்துவிட்டது. முதலாம் ஆண்டில் இதைவிட மோசமாகத்தான் வாசித்திருப்பீர்கள், ஆனால் அன்று அது உங்கள் காதில் விழவில்லை. வீணையில் தண்டின் மேல் பதித்த 24 மெட்டுகள் (குறுக்குக் கட்டைகள்) சுரத்தின் இடத்தைக் காட்டிக்கொடுக்கும். வயலினில் காட்டிக்கொடுக்க எதுவுமே இல்லை, காது சொல்வதைத்தான் விரல் கேட்கவேண்டும். ஆகவே அந்தக் காது உங்களை வெட்கப்படுத்துவது உண்மையில் நல்ல செய்தி என்று நான் சொல்வேன். நீங்கள் இப்போது நம்பமாட்டீர்கள் என்பதும் எனக்குத் தெரியும்.

பதில் 2: முன்னாள் வீணை மாணவர், மாங்குளம்

மேலே எழுதிய ஆசிரியைக்கு மரியாதையுடன் ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். வீணையின் 24 மெட்டுகளும் என்னைக் காப்பாற்றவில்லை. ஆறு ஆண்டுகள் கற்று, ஐந்தாம் தரப் பரீட்சைக்கு விண்ணப்பித்துவிட்டு, செயன்முறைப் பரீட்சைக்கு மூன்று வாரங்கள் இருந்தபோது நிறுத்தினேன். காரணத்தை அப்போது யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் என்னால் சொல்லியிருக்க முடியாது. இப்போது சொல்லமுடியும். நான் வீணை வாசித்தது பரீட்சகருக்காக மட்டுமே. ஒரு தரம் முடிந்தால் அடுத்த தரம், அதன் முடிவில் கலாவித்தகர் பட்டம், அந்தப் பட்டத்தால் ஒரு நியமனம் கிடைத்தாலும் கிடைக்கும் என்ற கணக்கு. நடுவே ஒரு நாளாவது எனக்குப் பிடித்த ஒரு பாட்டை வீணையில் தேடிப் பார்த்தேனா என்றால், இல்லை.

விட்டதற்காக நான் வருந்தவில்லை. விட்ட பின்னர்தான் கச்சேரிகளைக் கேட்கத் தொடங்கினேன். இன்று ஒரு ஆலாபனை தொடங்கிச் சிறிது நேரத்தில் இராகத்தைச் சொல்லிவிடுவேன், அந்த மகிழ்ச்சியே எனக்குப் போதுமானது. எனவே, விடுவதை ஒரு தோல்வியாக எண்ணி அஞ்சவேண்டாம் சகோதரி. ஆனால் விடுவதற்கு முன்னர், பரீட்சையை நீக்கிவிட்டால் உங்களுக்கு வயலின் தேவையா என்று ஒரு மாதம் சோதித்துப் பாருங்கள். நான் அந்தச் சோதனையைச் செய்யாமலே விட்டேன். என் வருத்தம் அது ஒன்றில்தான்.

பதில் 3: மிருதங்கக்காரர், முள்ளியவளை

பிள்ளைக்கு வணக்கம். எனக்கு 60 வயது கடந்துவிட்டது. வித்துவான் அல்ல, கோயில் பஜனைக்கும் பக்கத்து ஊர்க் கூத்துப் பழக்கங்களுக்கும் வாசித்துப் பழகியவன், அவ்வளவுதான். 2009 இல் எங்கள் மிருதங்கம் எங்கேயோ ஒரு பதுங்குகுழிக்குப் பக்கத்தில் கிடந்துபோனது. திரும்பி வந்து மீள்குடியேறிய பின்னர் ஐந்து ஆண்டுகள் நான் எதையும் வாசிக்கவில்லை. வாத்தியம் இல்லாததை ஒரு சாட்டாகச் சொல்லிக்கொண்டேன். உண்மையில் மனம்தான் இல்லை. மகன் ஒன்றை வாங்கித் தந்தபோதும் அது மூலையில் துணி போர்த்தியபடியே இருந்தது.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, பஜனைக்கு வழக்கமாக வாசிக்கும் பையன் காய்ச்சலில் படுத்துவிட்டான் என்று வந்து கூப்பிட்டார்கள். மறுக்கமுடியவில்லை. கோயில் மடத்தில் இருந்து, ரவையைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து, மிருதங்கத்தின் இடப்பக்கத் தோலான இடந்தலையில் அப்பினேன். எத்தனையோ ஆண்டுகளுக்குப் பிறகு அந்த ஈர மா விரலில் ஒட்டியதும், அப்பிய பின் இடந்தலையை ஒரு தட்டுத் தட்டியபோது அந்தக் கனத்த சத்தம் வயிற்றுக்குள் இறங்கியதும் இன்றைக்கும் மறக்கவில்லை. அன்று நான் வாசித்தது ஆதி தாளத்துக்கு மிகச் சாதாரணமான ஒரு நடை, பிழையும் விட்டேன். பாடிக்கொண்டிருந்த பெண்கள் நிறுத்தவில்லை, ஆகவே நானும் நிறுத்தமுடியவில்லை. அந்த நிறுத்தமுடியாமைதான் மருந்து என்பது என் எண்ணம். அறைக்குள் தனியே இருந்து வாசிக்கும்போது ஒவ்வொரு பிழைக்கும் நாம் நின்றுவிடுகிறோம். நின்று நின்று, பிழையை மட்டுமே வாசித்துப் பழகிவிடுகிறோம்.

உங்கள் வீட்டில் அம்மா கிணற்றடிக்குப் போய்விடுகிறார் என்று எழுதியிருந்தீர்கள். அப்படியானால் நீங்கள் வாசிப்பதைக் கேட்பதற்கு ஞாயிற்றுக்கிழமை ஆசிரியரைத் தவிர ஒருவரும் இல்லை. அவரும் பிழை பிடிப்பதற்காகவே கேட்கிறார். எவ்வளவு காலத்துக்கு ஒருவர் அப்படி வாசிக்கமுடியும்? எங்கள் பஜனைக்கு வாருங்கள் பிள்ளை. பெரிய வித்தை ஒன்றும் வேண்டாம். பாடுகிறவர்களுக்குப் பின்னால் சட்ஜத்தையும் பஞ்சமத்தையும் நீளமாக இழுத்துக்கொண்டிருந்தாலே போதும்.

பதில் 4: வயலின் ஆசிரியை, வவுனியா

ஐயா சொல்வதை நான் முழுமையாக ஏற்கிறேன். ஒரு சிறு எச்சரிக்கையை மட்டும் சேர்த்துக்கொள்கிறேன். பஜனையில் வேகம் ஏறிக்கொண்டே போகும், அதைத் துரத்திப் பிடிப்பதற்காக வில்லை அரை அங்குலத்துக்குள் சுருக்கிவிடும் பழக்கம் வந்துவிட்டால் பிறகு திருத்துவது கடினம். நீளமான வில்லுடன் சுருதி சுரங்களில் தொடங்கலாம் என்று ஐயாவே சொல்லியிருப்பதால் எனக்குக் கவலை இல்லை.

மாங்குளம் சகோதரருடன் ஓரிடத்தில் மட்டும் முரண்படுகிறேன். வன்னியில் வாரம் ஒரு தடவை மட்டும் ஆசிரியரைக் காணக்கூடிய பிள்ளைகளுக்குப் பரீட்சைதான் பல வேளைகளில் ஒரே பிடிமானம். அதை அடியோடு பழிக்க எனக்கு மனமில்லை. ஆனால் இந்தத் தங்கை வேலையில் இருப்பவர், பரீட்சையால் அவருக்கு ஆகவேண்டியது எதுவும் இல்லை. நான்காம் தரத்தை ஓராண்டு தள்ளிப்போடலாம் என்று அவருடைய ஆசிரியரிடம் தயங்காமல் கேட்கலாம்.

கேள்வி கேட்டவர்: புதுக்குடியிருப்பு மாணவி

பதில் எழுதிய அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. இரண்டு வாரங்கள் கழித்து எழுதுகிறேன்.

குதிரையைப் பார்த்தேன். ஆசிரியை அக்கா சொன்னது சரி: மேல் விளிம்பு அடிமட்டம் வைத்துக் கோடு போட்டதைப் போல இருந்தது, பற்றாக்குறைக்குக் குதிரையே கழுத்துப் பக்கம் சரிந்தும் நின்றது. ஆசிரியரிடம் காட்டினேன். அவர் சரிவை நிமிர்த்திவிட்டு, யாழ்ப்பாணத்தில் ஒருவரிடம் கொடுத்து விளிம்பைச் செதுக்கி எடுத்து வந்தார். சத்தம் முற்றாக நிற்கவில்லை. ஆனால் இப்போது பத்துத் தாவலில் மூன்றில் வருகிறது, முன்னர் பத்திலும் வந்தது. மிகுதி மூன்றும் என்னுடைய பங்கு.

வர்ணத்தை மூடி வைத்திருக்கிறேன். மோகன ஜண்டை வரிசையை நாளுக்குப் பதினைந்து நிமிடம் வாசிக்கிறேன். இரண்டு நாட்கள் வாசிக்கவில்லை, அதையும் ஒளிக்காமல் எழுதவேண்டும். மாங்குளம் அண்ணா சொன்ன சோதனையை இப்படிச் செய்து பார்த்தேன்: சுரக் குறிப்பு எதுவும் இல்லாமல், அம்மா சமையலின்போது முணுமுணுக்கும் ஒரு பழைய தாலாட்டை வயலினில் தேடினேன். முதல் அடியைக் கண்டுபிடிக்க முக்கால் மணி நேரம் ஆனது. அன்று அம்மா கிணற்றடிக்குப் போகவில்லை. குசினி வாசலில் நின்று, மூன்றாவது சுரம் இன்னும் கொஞ்சம் கீழே என்று சொன்னார். அவருக்குச் சுரமும் தெரியாது, சுருதியும் தெரியாது. ஆனால் அவர் சொன்னது சரி.

முள்ளியவளை ஐயாவிடம் ஒரு கேள்வி: வருகிற வெள்ளிக்கிழமை அலுவலகம் முடிந்து வர எண்ணியிருக்கிறேன். கம்பிகளை முன்கூட்டியே கூட்டிக்கொண்டு வரவேண்டும். உங்கள் பஜனையில் எத்தனை கட்டைச் சுருதியில், அதாவது எந்த அடிப்படைச் சுருதி உயரத்தில், பாடுவார்கள்?

பதில்: மிருதங்கக்காரர், முள்ளியவளை

ஆர்மோனியக்காரர் தொடங்குவது ஐந்து கட்டை. பாடுகிறவர்கள் முடிக்கும்போது எங்கே நிற்பார்கள் என்பதற்கு நான் பொறுப்பல்ல. ஆறு மணிக்குத் தொடங்குவோம். பேருந்தில் குலுங்கி வரும்போது கம்பி தளரும், ஆகவே அரை மணி நேரம் முந்தி வந்தால் மடத்தில் இருந்து சேர்த்துக்கொள்ளலாம். அம்மாவையும் கூட்டிவாருங்கள்.