ஜான் பிரவுன் கோட்டை அதே இடத்துலயா நிக்குது?

ஊர்சுற்றி:
அமெரிக்காவுல மேற்கு வர்ஜீனியாவில இருக்கிற ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரி ஊருக்குப் போறவங்களுக்கு ஒரு தகவல். அடிமை முறையை எதிர்த்த ஜான் பிரவுன், 1859ல இங்க இருந்த அரசு ஆயுதக் கிடங்கைத் தாக்கிட்டுப் பதுங்கின தீயணைப்புக் கொட்டகை, அதாவது "ஜான் பிரவுன் கோட்டை", இன்னும் அதே இடத்துல நிக்குது. ரெண்டு மணி நேரம் போதும், பாத்துட்டுக் கிளம்பிடலாம்.

பழங்கல்:
அதே இடமா? எந்தப் புண்ணியவான் சொன்னது? நாலு தடவை இடம் மாறின கட்டடம் சார் அது. 1891ல பிரிச்சு சிகாகோ கண்காட்சிக்குக் கொண்டுபோனாங்க. பத்து நாள்ல எட்டிப் பார்த்தது 11 பேர். 1895ல மர்ஃபி பண்ணை, 1910ல ஸ்டோரர் கல்லூரி, 1968ல இப்போ இருக்கிற இடம். பழைய இடத்துல இருந்து சுமார் 150 அடி தள்ளி. அசல் இடம் ரயில் பாதை மேட்டுக்கு அடியில போயிடுச்சு. மேல ஒரு கல்தூண் இருக்கும், பாருங்க.

சக்கரக்கால்:
150 அடிக்கா இவ்ளோ ஆர்ப்பாட்டம்? ஆண்டீட்டம் போர்க்களம் பத்தின இழையிலயும் அங்க இருக்கிற பாலத்தை அளந்துகிட்டு இருந்தது இவர்தானே.

பழங்கல்:
பாலம் நகரலை, கொட்டகை நகர்ந்துச்சு. அதுவும் திரும்பக் கட்டினப்போ இடவலம் மாத்திக் கட்டிட்டாங்க. "அதே"ங்கிற வார்த்தையை எடுத்துட்டா நான் பேசாம போயிடறேன்.

ஊர்சுற்றி:
எடுக்கல. வர்றவனுக்கு வேண்டியது பார்க்கிங். கொட்டகை இருக்கிற கீழூர்லயே நிறுத்திக்கலாம்.

பழங்கல்:
அதுவும் தப்பு. கீழூர்ல இருக்கிறது கொஞ்சம் இடம், சனிக்கிழமைன்னா காலையிலயே ரொம்பிடும். மேலே வரவேற்பு மையத்துல நிறுத்திட்டு ஷட்டில் பஸ்ல இறங்கணும். இறங்கும்போதே கடைசி பஸ் எத்தனை மணிக்குன்னு கேட்டு வைங்க, விட்டா மேடேறி நடைதான். வாஷிங்டன்ல இருந்து மார்க்ங்கிற புறநகர் ரயில்ல வரலாம்னா அது சனி ஞாயிறு இந்தப் பக்கம் ஓடாது. எதிர்க்கரையில இருக்கிற மேரிலாண்ட் ஹைட்ஸ் மலை ஏறணும்னா பொட்டோமாக் ஆத்து நடைபாலம் தாண்டணும். அதுக்கே அரை நாள். ரெண்டு மணி நேரமாம்!

சக்கரக்கால்:
பிரவுனைப் பிடிக்க வந்த படைத் தலைவர் ராபர்ட் லீ கதவை உடைச்ச இடத்தைப் பார்க்க எதுக்கு அரை நாள்?

பழங்கல்:
லீ உடைக்கலை. அவர் வெளியே நின்னு உத்தரவு போட்டார். உள்ளே புகுந்தது லெஃப்டினன்ட் இஸ்ரேல் கிரீனோட மரைன் படை வீரர்கள். சம்மட்டியால அடிச்சாங்க, கதவு அசையலை. அப்புறம் ஒரு கனமான ஏணியைத் தூக்கி இடிச்சுத்தான் ஓட்டை போட்டாங்க.

சக்கரக்கால்:
உத்தரவு போட்டவர் உடைச்ச மாதிரிதான்.

பழங்கல்:
அப்போ கோயில் கட்டினது கொத்தனாரா ராஜாவான்னு தனி இழை திறங்க. இங்கே 150 அடிக்குப் பதில் சொல்லுங்க.

ஊர்சுற்றி:
சுமார் 150ன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. சுமாருன்னா எவ்ளோ?